சவுண்டலும் கொழுக்கட்டைப் புல்லும்: வெப்பமண்டல மேய்ச்சல் தாவர ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வெப்பமண்டல நாடுகளில் கால்நடைத் தீவனத்திற்கெனத் தேர்ந்து பரப்பப்பட்ட புல், பயறு, மர இனங்கள் குறித்த ஆய்வுகள் கடந்த முக்கால் நூற்றாண்டில் பெருகியுள்ளன. அவ்வாய்வுகள் தாவரத்தின் தரத்தை அத்தாவரத்துக்குள்ளேயே இருக்கும் பண்பாகக் கொள்கின்றன. சவுண்டல் மரத்தின் வரலாற்றையும் கொழுக்கட்டைப் புல்லின் வரலாற்றையும் முன்வைத்து, இக்கொள்கை எங்கே பொருந்துகிறது, எங்கே பிழைபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கொங்குநாட்டுக் கொரங்காடு பற்றிய எழுத்துகளின் குறைபாடும் இதனூடே சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மேய்ச்சல், தீவன மரம், சவுண்டல், மிமோசின், கொழுக்கட்டைப் புல், கொரங்காடு

முன்னுரை

தமிழில் கால்நடைத் தீவனம் பற்றி வெளிவரும் கட்டுரைகளில் ஓர் அட்டவணை தவறாமல் இடம்பெறும். பயிரின் பெயர், எக்டேருக்கு விளைச்சல், புரத விழுக்காடு, அறுவடை எண்ணிக்கை ஆகியன அதில் வரிசையாக இருக்கும். கோ 4 என்னும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆண்டுக்கு எக்டேருக்கு 380 முதல் 400 டன் பசுந்தீவனம் தரும் என்பது இத்தகைய அட்டவணைகளில் பலமுறை அச்சேறிய எண். இந்த எண்ணில் பிழையில்லை. எனினும் அந்தப் பசுந்தீவனத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதும், அவ்விளைச்சல் பாசனமும் உரமும் உள்ள நிலத்திற்கு உரியது என்பதும் அட்டவணைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. புல்லை அறுத்துச் சுமந்துவந்து போடுபவர் யார் என்னும் கேள்வியும் அவ்வாறே வெளியே நிற்கிறது.

இப்பழக்கம் தமிழ் எழுத்தில் தோன்றியதன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வட ஆஸ்திரேலியாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வளர்ந்த வெப்பமண்டல மேய்ச்சல் ஆய்வு வகுத்த வழி இது. மிதவெப்ப நாடுகளின் புல்லோடு ஒப்பிட வெப்பமண்டலப் புல் விரைந்து முற்றும், முற்றியபின் நார் மிகும், புரதம் குறையும். உலர் எடையில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாடு உண்ணும் அளவே குறைந்துபோகிறது என்பது ஆஸ்திரேலிய ஆய்வுகள் நிறுவிய முதன்மையான முடிவுகளுள் ஒன்று. காற்றிலுள்ள நைட்ரசனை வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்தும் பயறினத் தாவரங்களைத் தேடும் முயற்சி அதிலிருந்து பிறந்தது. தேவை உண்மையானது. தேடலும் நேர்மையானது. கேள்விக்குரியது அளக்கும் முறைதான்.

அளவுகோல் ஒளித்துவைத்தது

தீவனத்தின் செரிமானத்தன்மையை ஆய்வகத்தில் அளக்க டில்லி, டெர்ரி ஆகிய இருவர் 1963இல் வெளியிட்ட ஈரடுக்கு முறை உலகெங்கும் பரவியது. அரைத்த தீவன மாதிரியை விலங்கின் பெருவயிற்று நீரில் 48 மணி நேரமும், பின்னர் பெப்சின் கலந்த அமிலத்தில் மேலும் 48 மணி நேரமும் வைத்து, எஞ்சியதை எடைபோடுவதே அம்முறை. மலிவானது, ஆயிரக்கணக்கான மாதிரிகளை வரிசைப்படுத்த ஏற்றது. ஆனால் இம்முறைக்குள் ஒரு கருதுகோள் ஒளிந்துள்ளது. பெருவயிற்று நீர் எந்த ஆட்டிலிருந்து எடுக்கப்பட்டாலும் ஏறத்தாழ ஒன்றே என்பதே அது. நாரைச் செரிக்கும் அளவில் இக்கருதுகோள் பெரும்பாலும் பொருந்தும். நஞ்சு என்று வரும்போது அது நொறுங்கிவிடுகிறது. அந்த நொறுங்கலின் வரலாறே சவுண்டலின் வரலாறு.

சவுண்டல்: ஒரு மரத்தின் இரு நடத்தை

லூசினா லூகோசெபலா என்னும் தாவரவியற் பெயருடைய சவுண்டல் மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்தின் பெயரே இம்மரத்திற்கு அந்நிலத்தில் வழங்கிய பழம்பெயரின் அடியாகப் பிறந்தது. ஸ்பானியர் கப்பல்வழி பிலிப்பைன்ஸ் சேர்ந்த இம்மரம் அங்கே இபில்-இபில் எனவும், இந்தோனேசியாவில் லாம்தோரோ எனவும், இந்தியாவில் சுபாபுல், கூபாபுல் எனவும் பெயர் பெற்றது. தமிழகத்தில் சவுண்டல் என்பதும் சூபாபுல் என்பதும் ஒருசேர வழங்குகின்றன.

1977இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் இம்மரத்தைப் பற்றித் தனி நூல் வெளியிட்டது. வெப்பமண்டலத்திற்கு நம்பிக்கையூட்டும் தீவன, மரப் பயிர் என்பது அதன் தலைப்பின் பொருள். இலையின் உலர் எடையில் 20 முதல் 25 விழுக்காடு வரை புரதம்; வறட்சியில் பசுமை; விறகு; மண்காப்பு. ஒரே மரத்தில் இத்தனையும் கிடைத்தமையால் அதன்பின் அதிசய மரம் என்னும் அடைமொழி வளர்ச்சித் திட்டங்களின் மொழியில் நிலைபெற்றது. நூலின் மீது ஒரு குற்றம் சாட்டுவது முறையாகாது: இலையிலுள்ள மிமோசின் என்னும் நச்சு அமினோ அமிலத்தை அது மறைக்கவில்லை, பயன்பாட்டின் வரம்பாகவே குறிப்பிட்டது. ஆனால் வரம்பு எனச் சுட்டப்பட்ட நஞ்சு, அதை மரத்தின் நிலையான இயல்பாகவே நிறுத்தியது. அதை உண்ணும் விலங்கு எந்நாட்டது என்னும் கேள்வி அதற்குள் எழவில்லை.

குயின்ஸ்லாந்தில் சவுண்டலை மிகுதியாக மேய்ந்த மாடுகளுக்கு முடி உதிர்ந்தது, கழுத்துக்கழலை கண்டது, எடை ஏறவில்லை. பெருவயிற்றில் மிமோசின் சிதைந்து உருவாகும் டி.எச்.பி. என்னும் பொருள் தைராய்டு சுரப்பியின் செயலைத் தடுப்பதே கழலைக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. ஆஸ்திரேலியத் தரவை மட்டும் வைத்து முடிவுகட்டியிருந்தால் சவுண்டல் கைவிடப்பட்டிருக்கும். அல்லது மிமோசின் குறைந்த வகையைத் தேடும் தாவர இனப்பெருக்கப் பணியோடு ஆய்வு நின்றிருக்கும். ஹவாயிலும் இந்தோனேசியாவிலும் அதே மரத்தை முழுத்தீவனமாகவே உண்ட ஆடுமாடுகள் நலமாக இருந்தன என்பதைக் கவனித்து, வேறுபாடு மரத்தில் இல்லை, வயிற்றில் உள்ளது என ஐயுற்றவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ். 1980களின் தொடக்கத்தில் அவரும் உடன் ஆய்ந்தோரும் இந்தோனேசிய வெள்ளாட்டின் பெருவயிற்று நீரை ஆஸ்திரேலிய வெள்ளாட்டிற்குச் செலுத்தினர். பெற்ற ஆடு டி.எச்.பி.யைச் சிதைக்கும் திறனையும் பெற்றது. ஹவாய் ஆடுகளின் நுண்ணுயிரும் அவ்வாறே மாற்றப்பட்டது. அந்நுண்ணுயிரிக்கு 1992இல் சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை எனப் பெயரிடப்பட்டது. 1990களின் நடுப்பகுதி முதல் குயின்ஸ்லாந்து மாட்டுப் பண்ணைகளுக்கு அந்நுண்ணுயிர்க் கலவை வழங்கப்படலாயிற்று. ஆய்வகத்தில் வளர்த்த கலவையை மந்தையில் சில மாடுகளுக்கு மட்டும் புகட்டினால் போதும்; மற்றவற்றுக்கு அது தானே பரவும் என எதிர்பார்க்கப்பட்டது.

வெப்பமண்டலத் தீவன ஆய்வின் மிகச் சிறந்த சாதனை இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வரலாறு வழக்கமாகச் சொல்லப்படும் முறை ஒருபக்கமானது. மேற்குத் திமோரின் அமராசிப் பகுதியில் 1930களிலேயே உள்ளூர் ஆட்சியின் மரபுச்சட்டம் உழவர் ஒவ்வொருவரும் சவுண்டலை வரிசையாக நடவேண்டுமென விதித்தது. நிலத்தைக் காக்க வந்த மரம் நாளடைவில் மாட்டுத் தீவனமாயிற்று. கட்டுத்தறியில் கட்டிய காளைகளுக்குச் சவுண்டல் தழையை வெட்டிப்போட்டுக் கொழுக்கவைத்து விற்கும் முறை அங்கே நிலைபெற்றது. குயின்ஸ்லாந்தில் சவுண்டல் நஞ்சாக எழுதப்பட்ட காலத்தில் திமோரில் அது வாழ்வாதாரமாக இருந்தது. அமராசி உழவர் நுண்ணுயிரியை அறிந்திருக்கவில்லை. அறிந்திருக்கவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அம்மக்களின் பட்டறிவு ஒரு முறையான சோதனைக்கு நிகரான சான்று. அச்சான்றை ஆய்வுலகம் தன் ஐயத்தின் தொடக்கமாகக் கொள்ள நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆயின.

நுண்ணுயிரிக் கதையும் இறுதியானதன்று. 2010களில் இந்தோனேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகள், சவுண்டலை நெடுநாள் உண்டு நலமாக உள்ள மாடுகளின் சிறுநீரிலும் டி.எச்.பி. மிகுதியாக வெளியேறுவதைக் காட்டின. கல்லீரல் அதை வேறொரு பொருளோடு பிணைத்துத் தீங்கற்றதாக்கி வெளியேற்றுகிறது என்னும் விளக்கம் இப்போது வலுப்பெற்றுள்ளது. அவ்வாறாயின் ஜோன்ஸின் ஆட்டுச் சோதனை பொய்யாகிவிடவில்லை. அதற்கு அளிக்கப்பட்ட முழுமைதான் குறைகிறது. தமிழில் சூபாபுல் பற்றி எழுதுவோர் தீவனத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடாது என்னும் எச்சரிக்கையை வரிக்கு வரி எடுத்தெழுதுகின்றனர். அது காப்பான அறிவுரை. எனினும் எந்த வயிற்றுக்கு அவ்வரம்பு, பழகிய மந்தைக்கும் அதுவேதானா என்று கேட்டு எழுதிய கட்டுரை அரிது.

நஞ்சைக் கடந்தபின் மற்றொன்று வந்தது. 1984இல் ஹவாயை அடைந்த சில்லிடு என்னும் சாறுறிஞ்சும் சிறுபூச்சி இரண்டாண்டுகளில் தென்கிழக்கு ஆசியாவையும், 1980களின் இறுதிக்குள் தென்னிந்தியாவையும் தொட்டது. அமராசியின் மரங்கள் தளிர் கருகி நின்றன. மாட்டுக்கு மாற்றுத் தீவனம் இல்லை. மேற்குறித்த நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்ததும் அதே 1984இல்தான். உலகெங்கும் பரப்பப்பட்ட சவுண்டலின் மரபணு அடித்தளம் மிகக் குறுகியது. தன்மகரந்தச் சேர்க்கை உடைய இம்மரத்தின் சில தேர்வுகளே கண்டம் கண்டமாக நடப்பட்டன. ஒரு பூச்சிக்கு ஒரு மரம் ஆளாகும் என்றால் எல்லா மரங்களும் ஆளாகும். வேற்றினத்தோடு கலந்து பூச்சியைத் தாங்கும் ரெட்லேண்ட்ஸ் என்னும் வகை குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2010களின் இறுதியில்தான் உழவர் கைக்கு வந்தது. இதற்கிடையே இம்மரம் உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. அதிசய மரம் என்ற சொல்லும் ஊடுருவி என்ற சொல்லும் ஒரே பண்பையே குறிக்கின்றன: எங்கும் எளிதில் முளைக்கும், வெட்டினால் தழைக்கும், விதை மிகுதி. தேர்வுக்குக் காரணமாயிருந்த பண்புகளே பழிக்கும் காரணமாயின.

குறுகிய அடித்தளம் என்னும் இதே குறை பயறினங்களிலும் காணப்பட்டது. வட ஆஸ்திரேலியாவில் பெரும்பரப்பில் பரவிய டவுன்ஸ்வில் ஸ்டைலோ 1970களில் ஆந்தராக்னோஸ் என்னும் பூஞ்சை நோயால் ஏறத்தாழ அழிந்தது. தமிழகத்தில் முயல் மசால் என வழங்குவது அதன் உறவினமே. நோயைத் தாங்கும் இனங்களிலிருந்து வந்தது.

கொழுக்கட்டைப் புல்: மூன்று நிலம், மூன்று தீர்ப்பு

செங்க்ரஸ் சிலியாரிஸ் என்னும் கொழுக்கட்டைப் புல் ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகிய நிலங்களுக்கு இயல்பானது. வறட்சியில் காய்ந்தாலும் வேர்க்கிழங்கில் உயிர்பிடித்து முதல் மழைக்கே தளிர்க்கும். பெரும்பாலும் கருவுறுதல் இன்றியே விதை உண்டாவதால் தாய்ச்செடியின் பண்பு மாறாமல் தொடரும்.

19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் ஒட்டகம் ஓட்டியோரின் சேணத் திணிப்போடு இப்புல் அங்கே வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பின்னர்த் திட்டமிட்டும் விதைக்கப்பட்டது. குயின்ஸ்லாந்து மாட்டுப் பண்ணைகளுக்கு அது இன்றும் முதன்மையான புல். அதே நாட்டின் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2015இல் அதைக் களையென அறிவித்தது. அமெரிக்காவில் 1940களில் டெக்சாஸிலிருந்து வெளியிடப்பட்ட வகை மெக்சிகோவின் சொனோரா வரை விதைக்கப்பட்டது. தீயறியாத பாலையில் இப்புல் காய்ந்து எரிபொருளாகிறது. சகுவாரோ கள்ளிகள் எரிகின்றன. தீக்குப்பின் புல்லே முதலில் தளிர்க்கிறது. அரிசோனாவில் தன்னார்வலர் மலைச்சரிவுகளில் இதை வேரோடு பிடுங்குகின்றனர்.

மூன்றாவது நிலம் கொங்குநாடு. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட செம்மண்ணில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலம் உள்ளது. கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் எருமைகளும் அதில் மேய்கின்றன. வேலி அடர்ந்திருப்பதால் மேய்ப்பவர் நாள் முழுதும் உடன் நிற்கவேண்டியதில்லை. காட்டைச் சில பிரிவுகளாக வகுத்து, ஒன்றில் புல் தேய்ந்தபின் மற்றொன்றுக்குக் கால்நடைகளை மாற்றுகின்றனர். கோடையில் புல் காயும்போது வெள்வேலின் காய் உதிர்ந்து ஆட்டுக்கு உணவாகிறது. விதை ஆட்டின் வயிற்றினூடே சென்று புழுக்கையோடு மீண்டும் மண்ணில் விழுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளம் விதைப்பதும் உண்டு.

ஒரே புல் ஒரு நிலத்தில் பயிர், ஒரு நிலத்தில் களை, ஒரு நிலத்தில் இயல்புக் குடி. இம்மூன்றையும் ஒரே அட்டவணையில் வைத்துப் புரத விழுக்காட்டை ஒப்பிட்டால் வேறுபாடு ஏதும் தெரியாது. வேறுபாடு புல்லைச் சூழ்ந்துள்ளவற்றில் உள்ளது. கொரங்காட்டில் புல்லோடு சேர்ந்து வளர்ந்த மரமும் பூச்சியும் மேய்ச்சலும் அதைக் கட்டுக்குள் வைக்கின்றன. மேய்ச்சல் நின்ற இடத்தில் சீமைக் கருவேலம் ஏறுகிறது. சொனோராவில் புல் தனியாக வந்தது. ஒரு தாவரத்தை அதன் துணைகளினின்று பிரித்து விதையாக மட்டும் அனுப்பிய ஆய்வுமுறையின் விளைவு அது எனல் மிகையாகாது.

கொரங்காடு பற்றிய எழுத்தின் குறை

கொரங்காடு அண்மைக் காலத்தில் கட்டுரைகளிலும் திட்ட அறிக்கைகளிலும் மிகுந்த மதிப்புப் பெற்றுள்ளது. தன்னார்வ அமைப்புகளின் ஆவணப்பணி இல்லையேல் அதன் பெயர்கூட ஆய்வுலகை எட்டியிராது. அம்மதிப்பு தேவையானதே. எனினும் இவ்வெழுத்துகளுள் பல, முன்னோர் அறிவு என்னும் ஒற்றைத் தொடரில் அனைத்தையும் அடக்கிவிடுகின்றன. சவுண்டலுக்கு அதிசய மரம் என்ற அடைமொழி செய்த அதே தீங்கை இத்தொடர் கொரங்காட்டுக்குச் செய்கிறது; கேள்வியை மூடுகிறது.

மூடப்படும் கேள்விகளுள் முதலாவது உடைமை பற்றியது. கொரங்காடு ஊர்ப் பொதுநிலம் அன்று. மேய்ச்சல் புறம்போக்கு என்னும் பொதுநிலத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளும் எழுத்துகள் உள்ளன. கொரங்காடு பட்டா நிலம். உயிர்வேலி சூழ்ந்த தனியுடைமை. நிலமில்லாத ஆட்டுக்காரர் அதில் மேய்க்கவேண்டுமாயின் குத்தகை செலுத்தவேண்டும். புல் தேயாமல் காக்கப்பட்டதற்கு மரபறிவு ஒரு காரணம். வேலியைத் தாண்டிப் பிறர் ஆடு வரமுடியாது என்பது மற்றொரு காரணம். பின்னதைச் சொல்லாமல் முன்னதை மட்டும் சொல்வது வரலாறாகாது. அழிவின் காரணமும் அதே உடைமையில்தான் உள்ளது. மனை விலை புல்லின் வருவாயைக் கடந்தபோது நிலத்தை விற்பவர் உடைமையாளரே. குத்தகைக்கு மேய்த்தவருக்கு அவ்விற்பனையில் சொல் இல்லை. இத்தகைய நிலத்தைப் பொதுமேய்ச்சல் எனக் கருதி வகுக்கும் பாதுகாப்புத் திட்டம் யாரோடு பேசவேண்டும் என்பதிலேயே தவறிவிடும்.

இரண்டாவது கேள்வி அளவு பற்றியது. முன்னோர் அறிவைப் போற்றும் கட்டுரைகள் பெரும்பாலும் எண்களைத் தவிர்க்கின்றன. ஓர் ஏக்கர் எத்தனை ஆட்டை எத்தனை மாதம் தாங்கும், மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு குறையும், வெள்வேலின் நிழல் எந்த அடர்த்தியில் புல்லைக் காக்கிறது, எந்த அடர்த்தியில் நசுக்குகிறது என்பன அளக்கக்கூடியவை. ஆய்வகத்தின் அட்டவணை மேய்ச்சலை விட்டுவிட்டது. மரபின் புகழுரை அட்டவணையை விட்டுவிட்டது. இரண்டில் எதுவும் கொரங்காட்டுக்காரருக்கு அடுத்த கோடைக்கு உதவுவதில்லை.

சொல்லின் சிக்கல்

தமிழ் ஆய்வுலகம் இதில் நேரடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்த் துறைசார் எழுத்தில் தீவனம், மேய்ச்சல் என்னும் இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஆளப்படுகின்றன. தீவனம் மனிதன் தருவது. மேய்ச்சல் விலங்கு தானே தேர்ந்து கொள்வது. தேரும் விலங்கு முற்றிய தண்டை ஒதுக்கித் தளிரை எடுக்கும். ஆகவே வயலில் அறுத்தெடுத்த மாதிரியின் புரத அளவும் மேய்ந்த மாட்டின் வயிற்றில் சேர்ந்ததன் புரத அளவும் ஒன்றாக இரா. மேய்ச்சல் தாவரங்கள் என்று தலைப்பிட்டுவிட்டு அறுவடை எண்களை அடுக்கும் கட்டுரை தலைப்பிலேயே பிழைபட்டுவிடுகிறது.

மசால் என்னும் சொல்லும் கருதத்தக்கது. குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் என மூன்று வெவ்வேறு பேரினங்களை ஒரே அடிச்சொல்லால் தமிழ் இணைக்கிறது. பயறினத் தீவனம் என்னும் பயன்பாட்டு வகைமை அது, தாவரவியல் வகைமையன்று. இவற்றுள் வந்தேறிய செடிகளுக்கும் பெயர் எளிதில் பொருந்தியது. கொரங்காட்டின் சிறுபயறுச் செடிகளும் அருகருகே வளரும் வெவ்வேறு புற்களும் வட்டாரப் பெயர்களாலேயே அறியப்படுகின்றன. அப்பெயர்களில் எந்தெந்தச் செடியை எம்மாதத்தில் எவ்விலங்கு ஒதுக்கும் என்னும் செய்தியும் பொதிந்துள்ளது. மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை விடக்கூடாது என்பது ஹைட்ரோ சயனிக் அமிலத்தின் பெயர் அறியப்படுவதற்கு முன்பே உழவர் அறிந்தது. முல்லைத் திணை ஆய்வுகளில் பூவுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்குகூடப் புல்லுக்குக் கிடைத்ததில்லை. ஆனிரை எதை மேய்ந்தது என்று கேட்டவர் சிலரே.

வட்டாரப் பெயர்த் தொகுப்பு வெறும் அகராதிப் பணியாகத் தோன்றலாம். சவுண்டல் வரலாற்றில் வெற்றி தந்த முதல் அடி, அங்கே ஆடு சாகவில்லையே என்னும் ஒரு கவனிப்பு. அக்கவனிப்பை ஆய்வாளர் ஒருவர் கடல் கடந்து சென்று பெறவேண்டியிருந்தது. காங்கேயத்தைச் சுற்றிய ஊர்களில் அத்தகைய கவனிப்புகள் இன்னும் பேச்சுமொழியில் உள்ளன. அவற்றைச் சொல்லக்கூடிய மேய்ப்பருள் பலர் முதியோர். அவர்களின் பிள்ளைகள் திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்குச் செல்கின்றனர்.